சாவி யார் கையில்: சேலத்தில் ஒரு பூங்காவைத் திருத்திய அனுபவம்

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். அவற்றில் ஒன்றில், வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தடையில்லாமல் தெரிகிற இடத்தில், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பூங்கா இருக்கிறது. அதை மாற்றி அமைத்தபோது வரைபடம் போட்டது நான். வார்டு எண்ணையும் தெருப் பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை. நம் ஊரில் தெருவின் பெயரைச் சொன்னால் அங்கே குடியிருப்பவர்களின் சாதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த மக்கள் இன்னும் அங்கேயே அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள்.

பூங்காவுக்கு மேற்கே இருப்பது ஒரு மனைப்பிரிவு. பெயர் 'நகர்' என்று முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இரும்பாலையில் வேலை பார்த்தவர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம். கிழக்கே இருப்பது அதைவிடப் பழைய குடியிருப்பு. தறி ஓட்டுபவர்கள், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள், பெயின்டர்கள், துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அதன் பெயர் 'காலனி' என்று முடியும். அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு வெகுநாள் முன்பே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தெருப் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தார்கள்.

பூங்காவின் கிழக்கு எல்லையில் ஏழடி காம்பவுண்டு சுவர். வாசல் மேற்கே மட்டும். காலை 5 முதல் 8 வரை, மாலை 4.30 முதல் 7.30 வரை திறந்திருக்கும். சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும். வாசலில் ஒரு பலகை: 'சங்க உறுப்பினர்கள் பயன்பாட்டுக்கு மட்டும்'.

நிலம் யாருடையது

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் தேவைகளைப் பேசும் கூட்டங்கள், நடந்தன. அதையடுத்து வந்த கூட்டம் ஒன்றில் கிழக்குப் பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். பூங்காவுக்குள் புகுந்து போனால் பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம். சுற்றிப் போனால் கால் மணி நேரம். ஏன் நாங்கள் சுற்ற வேண்டும்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது அந்த நிறுத்தத்துக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. கேள்வி எழுந்த காரணம் இவ்வளவுதான். சமத்துவம், ஒற்றுமை என்ற சொற்களை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

மேற்குப் பக்கத்தின் பதில், அவர்களைப் பொறுத்தவரை நியாயமானது. "மனை வாங்கும்போதே பார்க்குக்கும் சேர்த்துத்தான் காசு குடுத்தோம். தண்ணி ஊத்தி மரம் வளர்த்தது நாங்க." மரம் வளர்த்தது உண்மைதான். அந்த வேம்புகள் அவர்கள் குடம் சுமந்து வளர்த்தவை. ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைக்குப் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து அது ஊருக்குப் பொது.

பத்திர நகல் வாங்கி வந்து கூட்டத்தில் வைத்தோம். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், எல்லோரும் 'வாத்தியார்' என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். இதே காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: செடி, பெஞ்சு, ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பத்திரத்தைத் தேடுங்கள்.

ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தது

வரைவதற்கு முன்னால் ஏழு நாள், தினம் நான்கு வேளை, அங்கே போய் உட்கார்ந்து யார் எங்கே நடக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று நோட்டில் குறித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, பூங்கா திறந்திருக்கும் நேரமே ஒரு சுவர் என்பது. மார்ச்சிலிருந்து மே வரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு வருகிறவருக்குத் தூக்கம் பகலில்தான். சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில், பக்கத்துத் தறிச் சத்தத்தில், அந்த வெயிலில் எப்படித் தூங்குவது? சுவர் ஓரம் விழும் கொஞ்சூண்டு நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார்கள். அந்த நிழலைத் தரும் வேம்பு சுவருக்கு அந்தப் பக்கம், காலை 8 மணிக்குப் பூட்டிய பூங்காவுக்குள் நிற்கும். இந்த நேரப் பட்டியலை எழுதியவர்கள் யாரையும் ஒதுக்க நினைத்து எழுதவில்லை. அவர்கள் வாக்கிங் போகும் நேரத்தை எழுதினார்கள், அவ்வளவுதான். கெட்ட எண்ணமே இல்லாமல் இவ்வளவு பெரிய கதவைச் சாத்த முடியும் என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது.

இரண்டாவது, மேற்குப் பக்கத்துக்காரர்களும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ரேஷன் கடை கிழக்கே இருந்தது. பாமாயிலும் பருப்பும் வாங்க அவர்கள் ஸ்கூட்டரில் பெரிய சுற்றுச் சுற்றினார்கள். பஸ் நிறுத்தம் மேற்கே, ரேஷன் கடை கிழக்கே. இரண்டையும் நோட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டு இணைத்தேன். கடைசியில் கட்டிய பூங்காவின் முதுகெலும்பு அந்தக் கோடுதான்.

கழிப்பறை

என் தவறு ஒன்றை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் வரைபடத்தில் கழிப்பறையைக் கிழக்கு ஓரத்தில் போட்டிருந்தேன். கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் ஓடியது. நிலத்தின் சரிவும் அந்தப் பக்கம். மேற்கே வைத்தால் இரண்டு வேம்பை வெட்ட வேண்டும். காரணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கிழக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் வரைபடத்தை விரித்து வைத்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஏங் கண்ணு, எந்த ஊர்ல எது கட்டுனாலும் கக்கூசு மட்டும் எங்க வாசப்படிக்கே வருதே, அது எப்படி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். அவர் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார்கள். சரிவுக் கணக்கு என் கையில் இருந்தது. எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. ஊரின் சாக்கடை ஏன் எப்போதும் அந்தப் பக்கமே சரிகிறது என்றால், அந்த மக்களுக்கு முதலில் விட்டுக் கொடுக்கப்பட்ட நிலமே பள்ளமான நிலம். நான் இயற்கையின் சரிவு என்று நினைத்ததில் பாதி, பழைய ஊரார் போட்ட கோடு.

கழிப்பறையைத் தெற்கே, தார் ரோட்டை ஒட்டி, பூங்காக் காவலர் அறைக்குப் பக்கத்தில் வைத்தோம். வாசல் ரோட்டைப் பார்த்து. குழாய் நீளமானது, தொட்டியை ஆழமாகத் தோண்ட வேண்டி வந்தது, எஸ்டிமேட் கூடியது. ஏன் கூடியது என்று பொறியாளர் கேட்டார். ஆயா கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் கிழக்குப் பக்கத்தார் என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள். அதுவரை கேட்டதற்கெல்லாம் "நல்லாருக்குங்க" என்ற ஒரே பதில். பிறகு வந்த பட்டியலில் செயற்கை நீரூற்று இல்லை, செல்பி மேடை இல்லை. பகல் நிழல், நல்ல தண்ணிக் குழாய், பொண்ணுங்க எட்டரை மணிக்குக் கடை வேலை முடிந்து வரும்போது வழியில் வெளிச்சம்.

சுவர் இருந்த இடத்தில் திண்ணை

கிழக்குச் சுவரை எடுப்பது பற்றி நடந்த கூட்டுக் கூட்டம் கடினமானது. திருட்டுப் பயம் என்றார்கள் மேற்கே. அப்போது கிழக்கிலிருந்து வந்த ஓர் இளைஞர் எழுந்து, "இது என்ன உத்தப்புரமாங்க?" என்று கேட்டார். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை, 2008 மே 6 அன்றுதான் அரசு இடித்து வழி விட்டது. அந்தப் பெயரைச் சொன்னதும் கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. முடிவெடுக்காமலேயே கலைந்தோம். மறுநாள் டீக்கடையில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சுவரைப் பேப்பர்ல பாத்துத் திட்டுனவன் நான். நம்ம சுவரும் அதுதான்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. சங்கத்தில் அவர்தான் பேசினார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எதிர்ப்புக் குறைந்தது.

சுவரை முழுக்க எடுக்காமல் ஒன்றரை அடிக்குக் குறைத்து, இரண்டடி அகலமாக்கி, மேலே கருங்கல் பலகை பதித்தோம். அதாவது திண்ணை. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில், யார் வந்து உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று சொல்லாத இடமாகத் திண்ணையைத்தான் நம் ஆட்கள் கட்டினார்கள். (எல்லோருக்கும் அது திறந்திருந்ததா என்பது வேறு கேள்வி. இந்தத் திண்ணையை அப்படித் திறந்து வைக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.) திருட்டுப் பயத்துக்கு, உயரமான ஹைமாஸ் விளக்கு ஒன்றுக்குப் பதிலாக நடைபாதை நெடுக ஆளுயரத்துக்குச் சற்று மேலே சின்ன விளக்குகள் வைத்தோம். ஹைமாஸ் தரையை வெளுக்கும். எதிரே வருகிறவர் முகத்தில் நிழல் விழும். முகம் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

முதல் சில மாதங்கள் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கிழக்குக்காரர்கள் கிழக்கே பார்த்தும், மேற்குக்காரர்கள் மேற்கே பார்த்தும் ஒரே பலகையில் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். சுவர் உயரம் குறைந்ததே தவிர எல்லை அப்படியே இருந்தது. பிறகு மூன்று இடங்களில் திண்ணையை உடைத்து வழி விட்டோம். அந்த மூலைகளில் வளைவாகக் கட்டியதால், உட்கார்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பக்கவாட்டிலாவது பார்க்க வேண்டி வந்தது. வடக்கு வளைவில் இருட்டிய பிறகு இடம் கிடைப்பது கஷ்டம். அங்கிருந்து ஏற்காடு மலைப்பாதை தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்குகள் மறைந்து மறைந்து ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பக்கத்தில் யார் இருந்தாலும்.

செலவில் பொதுமக்கள் பங்கு ஒன்று உண்டு. அதில் கவனமாக இருந்தோம். வசதி உள்ளவர் பெரிய தொகை கொடுத்து கல்வெட்டில் பெயர் போட்டால் பூங்கா மறுபடி அவருடையதாகிவிடும். இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரே சின்னத் தொகை, யார் பெயரும் கல்லில் கிடையாது. பெரிய தொகை தர முன்வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார். அதைத் தவிர்க்க வழி தெரியவில்லை.

கிரிக்கெட்

அரை ஏக்கரில் கிரிக்கெட்டா என்று கேட்கலாம். டென்னிஸ் பந்து, வெளியே போனால் அவுட். பையன்களுக்கு அது போதும். திறந்த மூன்றாவது மாதம் 'நகர்' அணிக்கும் 'காலனி' அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வைத்தார்கள். ஒற்றுமைப் போட்டி என்று நாங்களே கைதட்டி ஊக்கப்படுத்தினோம். கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட், தகராறு, ஒரு பையன் வாயிலிருந்து சாதிப் பெயர் வந்தது. பெரியவர்கள் ஓடி வந்தார்கள். ஸ்டம்பு ஒன்று உடைந்தது, ஒரு பையனுக்கு நெற்றியில் தையல். பத்து நாள் பூங்காவுக்குப் பூட்டு.

மாட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை வைத்து நடத்திய கிரிக்கெட் ஆய்வு 2021இல் வெளியானது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் மட்டுமே வேறு சாதிக்காரர்களைச் சந்தித்தவர்களுக்கு அந்த நட்பு குறைந்தது. சந்திக்க வைத்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதைப் பார்க்கத் தவறினோம். அந்தப் பையனின் நெற்றித் தையலில் என் பங்கும் உண்டு.

பூட்டு திறந்த பிறகு காவலர் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். அவர் எந்த ஆய்வையும் படித்தவர் இல்லை. பையன்கள் வரும் வரிசையில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டு அணியாகப் பிரிப்பார். ஒவ்வொரு நாளும் அணி மாறும். தெரு பெயரில் அணி கூடாது. வைத்தால் பந்து அவர் அறைக்குள் போய்விடும். இன்று வரை அந்த முறைதான்.

அந்தப் பத்து நாளில் சாவிப் பேச்சு திரும்பவும் வந்தது. சங்கத்திடமே கொடுத்துவிடலாம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கலாம் என்றார்கள். நான் பெல்ஃபாஸ்ட் கதையைச் சொன்னேன். வட அயர்லாந்தின் அந்த நகரில், கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும் பிரித்து அலெக்ஸாண்ட்ரா பூங்காவின் நடுவிலேயே 1994இல் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு கதவு வைக்க 2011 ஆனது. அந்தக் கதவும் தொடக்கத்தில் வார நாள்களில் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை மட்டுமே திறந்தது. பூட்டுவதற்கு ஒரு சண்டை போதும், திறப்பதற்குப் பதினேழு வருஷம் என்றேன். கேட்டவர்கள் எவ்வளவு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. காலை 5 முதல் இரவு 9 வரை, இடையில் பூட்டு இல்லை, சாவி காவலரிடம் மட்டும் என்று கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

மாறியதும் மாறாததும்

இப்போது காலையில் குறுக்குப் பாதையில் கூட்டம். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் ரேஷன் பையோடு வருகிறவர்களும் எதிரெதிரே கடக்கிறார்கள். "பாமாயில் வந்துருச்சா?", "டோக்கன் எத்தனை வரைக்கும் போயிருக்கு?" என்ற அளவில் பேச்சு. இதைச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. இருபது வருஷம் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் முதல்முறை கேட்ட கேள்வி அது. பகலில் வேம்பு நிழலில் தறிக்காரர்கள் தூங்குகிறார்கள். யாராவது குறை சொல்வார்கள் என்று பயந்தேன். வாத்தியார் தன் வீட்டுப் பழைய பாய் இரண்டைக் காவலர் அறையில் கொண்டு வந்து வைத்தார்.

மாலையில் தெற்கு வாசலில் தட்டுவடை செட் வண்டி. சேலத்துக்காரர்களை ஒரே இடத்தில் நிற்க வைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. வரிசையில் எல்லோரும் நிற்கிறார்கள். ஆனால் தொடங்கிய புதிதில் சிலர் எவர்சில்வர் தட்டு வேண்டாம், பேப்பர் பிளேட்டில் கொடு என்று கேட்டார்கள். வண்டிக்காரர் காரணம் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும். இப்போதும் இரண்டொருவர் அப்படிக் கேட்கிறார்கள்.

நடுவில் நாங்கள் கட்டிய மண்டபம் தோற்றுவிட்டது. நான்கு தூண், ஓடு வேய்ந்த கூரை, எல்லோரும் கூடிப் பேசலாம் என்று வரைந்தேன். இரண்டு பக்கத்து ஆண்களும் சேர்ந்து அங்கே சீட்டாடுகிறார்கள். அந்த வகையில் கலப்பு உண்டு. ஆனால் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தண்ணீர்க் குழாயும் மரமும் வைத்தால் போதும் என்பது இப்போது என் எண்ணம்.

கல்யாணப் பத்திரிகை இன்னும் பூங்காவைத் தாண்டுவதில்லை. ஒரே அணியில் ஆடும் பையன்களில் ஒருவன் இன்னொருவன் வீட்டு வாசல் வரை வருகிறான், உள்ளே கூப்பிடுவதில்லை. ஈராக்கில் கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்களை ஒரே கால்பந்து அணியில் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வும், 2020இல் வெளியானது, இதைத்தான் கண்டது. மைதானத்துக்குள் நடத்தை மாறியது, கூட ஆடியவர்களோடு பழக்கம் நீடித்தது; மைதானத்துக்கு வெளியே உள்ள மற்றவர்களிடம் அந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பூங்காவில் வைக்கலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தது. யார் அடுப்பில் காய்ச்சுவது என்ற இடத்தில் நின்றுபோனது.

காவலர் வரும் தை மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறார், மகள் வீட்டுக்கு. சாவி அடுத்து யாரிடம் என்று கேட்டு இரண்டு மனு வந்திருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்று. ராத்திரி ஷிப்ட் தறிக்காரர்கள் தனியாக ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அதில் சாவியைப் பற்றி ஒன்றும் இல்லை. காலையில் வாசலை 5 மணிக்குப் பதில் நாலரைக்குத் திறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றும் அடுத்த பகுதி சபைக்கு வருகின்றன.